ஆங்கில இலக்கணமும் நம் மாணவரும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடையில் இலக்கணப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் பிள்ளைகளுள் பலர் படிப்பை நிறுத்துவதற்கு ஆங்கிலத் தாளே காரணமாவதை நாம் கண்டுவருகிறோம். கணக்கில் தேறி, அறிவியலில் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் தவறியவர்கள், அது நமக்கு வராத மொழி என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு கூலி வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளை காதால் கற்றுக்கொள்கிறது. அவ்வாய்ப்பு இல்லாத நம் பிள்ளைக்கு இலக்கணமே படிக்கட்டு. ஆகவே அதன் முதற்படிகளை இன்று சுருங்கக் காண்போம்.

தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். ஆங்கில நூலார் எட்டாக வகுப்பர். ஒன்றன் பெயராக வருவது நவுன். அதற்குப் பதிலாக நிற்பது புரோநவுன். பெயரைச் சிறப்பிப்பது அட்ஜெக்டிவ். செயலையோ இருப்பையோ உணர்த்துவது வெர்ப். வினையைச் சிறப்பிப்பது அட்வெர்ப். பெயருக்கு முன் நின்று அதன் தொடர்பைக் காட்டுவது பிரிபொசிஷன். சொற்களையும் தொடர்களையும் இணைப்பது கன்ஜங்ஷன். வியப்பையும் துயரையும் வெளியிடுவது இன்டர்ஜெக்ஷன்.

இவ்வெட்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவனும் தேர்வில் தடுமாறுகிறான். ஏன்? சொல்லைத் தனியே எடுத்துப் பார்த்து அதன் வகையைக் கூற முற்படுவதால்தான். ‘ஃபாஸ்ட்’ என்னும் ஒரு சொல்லைப் பாருங்கள். ‘எ ஃபாஸ்ட் டிரெயின்’ என்றால், விரைவு வண்டி. ஈண்டு அது பெயரடை. ‘ஷி ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றால், விரைந்து ஓடுகிறாள், ஈண்டு வினையடை. ‘தே ஃபாஸ்ட்’ என்றால், அவர்கள் நோன்பிருக்கின்றனர், ஈண்டு வினை. ‘எ லாங் ஃபாஸ்ட்’ என்றால், நெடிய நோன்பு, ஈண்டு பெயர். சொல்லுக்குப் பிறப்பால் வகுப்பு இல்லை. தொடரில் எவ்விடத்தில் நிற்கிறதோ அவ்விடத்தின் பெயரைப் பெறுகிறது. ஓரிடத்தில் பெயராக நின்றது மற்றோரிடத்தில் வினையாக நிற்கத் தடை ஏதுமில்லை. எனவே, ‘இச்சொல் எது?’ என்று கேளாமல், ‘இச்சொல் இத்தொடரில் என்ன செய்கிறது?’ என்று கேட்கப் பழகுங்கள்.

அடுத்தது சொற்களின் வரிசை. ‘முத்து வேலுவை அழைத்தான்’ என்றாலும், ‘வேலுவை முத்து அழைத்தான்’ என்றாலும் நமக்குப் பொருள் ஒன்றே. வேற்றுமை உருபு அதனைக் காத்து நிற்கிறது. ஆங்கிலத்திலோ இடமே உருபு. ‘முத்து கால்டு வேலு’ என்பதை ‘வேலு கால்டு முத்து’ என்று மாற்றினால் அழைத்தவன் அழைக்கப்பட்டவன் ஆகிவிடுவான். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசையைக் கைவிடலாகாது.

நம் உருபுகள் பெயருக்குப் பின் ஒட்டுவன. அவர்தம் பிரிபொசிஷன் முன் நிற்பது. ‘பள்ளிக்கு’ என்பது ‘டு ஸ்கூல்’ ஆகும். ‘பெட்டியில்’ என்பது ‘இன் தி பாக்ஸ்’ ஆகும். ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் வினையின்றி முடிக்கலாம். ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் எ டீச்சர்’ என்று ‘இஸ்’ வேண்டும். ‘எ’ என்பதும் வேண்டும். நம் மாணவர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வேறுபாடுகளை அறியாமையால் வருவன. அறிவுக் குறைவால் வருவன அல்ல.

வினையின் ஈற்றைக் கண்டு அஞ்சுவோரும் உளர். வருகிறேன், வருகிறோம், வருகிறாய், வருகிறீர்கள், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகின்றன என்று இத்தனை ஈறுகளைப் பள்ளிக்கு வருமுன்னரே பிழையின்றிப் பேசிய குழந்தை நம் குழந்தை. ஆங்கில நிகழ்காலத்தில் ‘கம்’ என்பது படர்க்கை ஒருமையில் மட்டும் ‘கம்ஸ்’ ஆகிறது. அந்த ஓர் ‘எஸ்’ஸுக்கோ நாம் அஞ்சுவது?

‘யூ’ என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். நீ, நீர், நீங்கள் என்னும் வேறுபாடு அதற்கில்லை. நரைத்த தலையினரான நம் பாட்டனாரை ஊர்த்தெருச் சிறுவனும் ‘நீ’ என்று விளித்த காலத்தை இங்குள்ள பெரியோர் அறிவர். ஆட்சித் தலைவர்க்கும் ‘யூ’, துப்புரவுத் தொழிலாளர்க்கும் ‘யூ’ என்பது ஆங்கில இலக்கணம்.

துணைவினைகளில் உரிமையே அடங்கியிருப்பதுண்டு. ஓர் ஆணையில் ‘மே’ என்றிருந்தால், பொதுவாக, அதிகாரி செய்யலாம், செய்யாமலும் விடலாம். ‘ஷால்’ என்றிருந்தால் செய்தாக வேண்டும். இவ்வேறுபாடு அறியாதவர் தமக்குரியதையும் சலுகை என்றெண்ணிக் கைகட்டி நிற்பர். அண்ணல் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட வரைவுக் குழு 1947இல் அமைந்தது. 1949இல் ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதன் ஆங்கில மூலத்தைத் தேடிப் படியுங்கள். அதன் தொடக்கத் தொடர் செயப்பாட்டுவினையில் அமைந்தது. தீண்டாமையைக் கைக்கொள்பவர் இன்னார் என்று அது பெயர் சுட்டவில்லை. ஆதலின் எவர்க்கும் விலக்கில்லை. குற்றமெனக் கூறும் இடத்தில் ‘ஷால்’ நிற்கிறது.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அண்ணலும் நமக்காக வாதாடியது ஆங்கிலம் வழங்கிய அவையில்தான். தமிழை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. தமிழிலக்கணத்தை நன்கறிந்தவர்க்கு ஆங்கிலம் எளிது என்றே கூறுகிறோம்.

ஆதலின் மாணவச் செல்வங்களே! நாள்தோறும் உங்கள் வீட்டையும் தெருவையும் வயலையும் பற்றி ஐந்து ஆங்கிலத் தொடர்கள் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் அது செய்யும் பணியைக் குறியுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பிழைக்கு நாணாதீர்கள், எழுதாமைக்கே நாணுங்கள். ஆசிரியர்களும் சிவப்பு மையால் அடிப்பதோடு நில்லாது, பிழையின் காரணத்தைத் தமிழோடு ஒப்பிட்டு விளக்குவார்களாக. சங்கத்தார் மாலைநேரப் படிப்பகத்தில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குவார்களாயின், பொன்விழா மேடையில் இவ்வுரையை நம் மாணவர் ஒருவர் ஆங்கிலத்திலேயே ஆற்றுவார் என்னும் நம்பிக்கையுடன் அமைகிறோம்.