நினைவின் பாரத்தை இறக்கி வைக்கும் தேடல்



பெரிய பொருள்களைப் பேச இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். நான் மிகச் சிறிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டெர்மினலில் வேலை செய்யும் நிரலாளர் ஒரு புராஜெக்டை விட்டு இன்னொன்றுக்குப் போகும் அந்தச் சில விநாடிகள்தான் என் பொருள்.

1987இல் பெர்லினில் உருவான 'ஸ்கிரீன்', 2007இல் நிக்கலஸ் மேரியட் எழுதிய 'டிமக்ஸ்' ஆகிய இரண்டு கருவிகளும் டெர்மினல் செஷனை உயிரோடு வைத்திருக்கக் கற்றுக்கொடுத்தன. இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் சாகாத செஷன்கள் சேர்ந்துகொண்டே போகும். எதற்கு என்ன பெயர், எது எந்தக் கோப்புறையில் என்பதையெல்லாம் மனிதர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாரத்தை இறக்கியது 2013இல் ஜுனெகுன் சோய் வெளியிட்ட 'எஃப்இசட்எஃப்' என்ற தேடல் கருவி. வரிவரியாக எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நாம் எழுத்துகளைத் தட்டத் தட்டப் பட்டியலைச் சுருக்கும். தேர்ந்தெடுத்த வரியை வெளியே தரும். இந்த வேலைக்கு டிமக்ஸைப் பற்றி அதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் அதை டிமக்ஸோடு இவ்வளவு எளிதாகக் கோக்க முடிகிறது. 'ஃபைண்ட்' கட்டளை புராஜெக்ட் கோப்புறைகளைப் பட்டியலிட, அதில் ஒன்றைப் பொறுக்கி, அதன் பெயரிலேயே செஷன் இருந்தால் அங்கே தாவி, இல்லையென்றால் புதிதாகத் திறக்க ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் போதும். பெயரில் புள்ளி இருந்தால் மட்டும் அடிக்கோடாக மாற்றிவிட வேண்டும். டிமக்ஸ் புள்ளியைத் தன் முகவரிக் குறியாக வைத்திருக்கிறது. ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டும், 1973இல் யூனிக்ஸில் புகுந்த பைப்பின் வலிமைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சிக்குரிய பகுதி எஃப்இசட்எஃப் செய்யும் தரவரிசை. புரதத் தொடர்களையும் மரபணுத் தொடர்களையும் ஒப்பிட ஸ்மித்தும் வாட்டர்மேனும் 1981இல் தந்த வழிமுறையின் மாற்று வடிவம்தான் உள்ளே இயங்குகிறது. பொருந்தும் ஒவ்வோர் எழுத்துக்கும் 16 புள்ளி. இடைவெளி தொடங்கினால் 3 குறையும், நீண்டால் ஒவ்வொன்றாகக் குறையும். சொல்லின் முதலெழுத்தில் பொருந்தினால் கூடுதல் புள்ளி உண்டு. 'தமிழ்-அகராதி' என்ற கோப்புறைக்கு 'தஅ' என்று தட்டினாலே அது மேலே வருவதற்கு இந்தக் கூடுதல் புள்ளி பெரிய காரணம்.

நம் வேலை இங்கேதான் இருக்கிறது. யூனிகோடு வகைப்பாட்டில் நம் உயிர்க்குறிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்துகளாக எண்ணப்படுவதில்லை. 'குறி' என்ற தனி வகையில் நிற்கின்றன. கருவி அவற்றைக் கோடு போன்ற பிரிப்பான்களோடு சேர்த்துவிடுகிறது. விளைவாக, 'தமிழ்' என்பதில் இகரக் குறியை அடுத்து வரும் ழகரம் புதுச் சொல்லின் தொடக்கமாகக் கணக்கிடப்பட்டு, உரிமையில்லாத கூடுதல் புள்ளியைப் பெறுகிறது. தமிழ்ப் பெயர்கள் நிறைந்த பட்டியலில் வரிசை குழம்ப இது ஒன்றே போதும். கட்டுரைத் தொகுப்புகளையும் சுவடிப் படிமங்களையும் தமிழிலேயே பெயரிட்டு வைக்கிறவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை.

மூல நிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. கோ மொழியில் எழுதப்பட்டது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டு பொருத்தும் திருத்தத்தை வடிவமைத்து, தமிழ்க் கோப்புப் பெயர்களில் சோதித்து, கருவியை எழுதியவருக்கே அனுப்பிவையுங்கள். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்.