கருவிக்குள் வாழும் கணினி



கணினி என்ற சொல்லைக் கேட்டதும், மேசைமீது திரையோடும் விசைப்பலகையோடும் வீற்றிருக்கும் பொறியே நம் மனக்கண்முன் வருகிறது. ஆயினும், இக்காலத்தில் நம்மைச் சூழ்ந்து உழைத்துக்கொண்டிருக்கும் கணினிகளுள் பெரும்பாலானவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வீட்டுச் சுவரில் சிறு விளக்குகள் மினுக்க நிற்கும் வைஃபை ரவுட்டருக்குள் ஒரு கணினி இருக்கிறது. தொலைக்காட்சிக்குப் பக்கத்திலுள்ள செட்டாப் பாக்ஸிலும், கடைவாயிலில் மாட்டிய கண்காணிப்புக் கேமராவிலும் அவ்வாறே. ஒரு கருவியின் உறுப்பாக அதனுள் அடங்கி, அக்கருவிக்குரிய தொழிலை இரவும் பகலும் செய்துவரும் இத்தகைய கணினியை உட்பொதி கணினி என்று கூறுவர். அதற்கு நிரல் எழுதும் கலையை அண்மையில் இணையவழிப் பாடம் ஒன்றின் வாயிலாக நான் பயின்றேன். அங்கே கண்டவற்றுள் உங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

இவ்வகைக் கணினிகளுள் மிகப் பலவற்றை இயக்குவது லினக்ஸ். 1991ஆம் ஆண்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21ஆம் வயதில் இதனைத் தொடங்கினார். இதன் மூலநிரல் முழுவதும் யாவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தொழிற்சாலை தான் செய்யும் பொறியின் வரைபடங்களையெல்லாம் வாயிலில் தொங்கவிட்டு, வேண்டியவர் படித்துக்கொள்க என்று சொன்னால் எப்படியிருக்கும்? லினக்ஸின் நிலை அதுதான். சிற்றூரிலிருந்து பயிலும் மாணவர் ஒருவர்க்கு இக்கலை எட்டும் தொலைவில் இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

லினக்ஸின் நடுநாயகமாக விளங்குவது கெர்னல் என்னும் பகுதி. நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு ஆகிய எல்லாம் அதன் காவலில் இருக்கின்றன. நாம் எழுதும் நிரல் எதுவும் அவற்றை நேரே தொட முடியாது. அரசாங்கக் கருவூலத்திற்குச் சென்றவர் உள்ளே புகுந்து பெட்டியைத் திறந்துவிட முடியுமா? சாளரத்தின் முன் நின்று விண்ணப்பம் நீட்ட வேண்டும். உள்ளிருப்பவர் அதனைப் பார்த்து விடை தருவார். நிரலும் அவ்வாறே, ‘இக்கோப்பைத் திற’, ‘இதிலிருந்து படித்துக் கொடு’, ‘இதனை எழுது’ என்று கெர்னலிடம் விண்ணப்பிக்கிறது. இவ்விண்ணப்பத்திற்கு சிஸ்டம் கால் என்று பெயர். சிஸ்டம் நிரலாக்கம் என்று பெரிய பெயரிட்டு வழங்கும் கலை, சுருங்கச் சொன்னால், முறையாக விண்ணப்பிக்கவும் வந்த விடையைக் கவனமாகப் படிக்கவும் கற்றுக்கொள்வதேயாகும். விண்ணப்பிக்க ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். விடையைப் படிக்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் வருவதன்று.

நான் பயின்ற பாடம், அமெரிக்க நாட்டில் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தின் வழியாக நடத்துவது. லினக்ஸ் சிஸ்டம் நிரலாக்கமும், பில்ட்ரூட் என்னும் கருவியின் அறிமுகமும் அதன் பொருள். சி மொழி முன்னரே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் இதில் இறங்குவது நீந்தத் தெரியாமல் ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

அதன் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று பார்வைக்கு மிக எளியது. கொடுத்த சொற்றொடரைக் கொடுத்த கோப்பில் எழுதும் நிரலொன்றைச் சி மொழியில் அமைக்க வேண்டும். கோப்பைத் திற, எழுது, மூடு என்று மூன்றே விண்ணப்பங்கள். ஆயின், கோப்பின் பெயர் கொடுக்கப்படாவிடில் என்ன செய்வது? திறக்க உரிமை இல்லையெனில்? வட்டில் இடம் தீர்ந்துபோயிருந்தால்? கெர்னல் இவ்வொவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியெண் வைத்திருக்கிறது. விண்ணப்பம் தவறினால் விடையாகக் கழித்தல் ஒன்று வரும். காரணம் எர்நோ என்னும் இடத்தில் குறித்து வைக்கப்படும். இன்னும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. வலைத்தொடர்பிலிருந்து 100 பைட் படித்துத் தருமாறு கேட்டால், 40 பைட் மட்டும் வரலாம். அது பிழையன்று, அப்பொழுது கையிருப்பில் அவ்வளவுதான் இருந்தது என்பதே பொருள். மீதிக்கு மறுபடியும் கேட்க வேண்டும். கேட்ட அளவும் கிடைத்த அளவும் ஒன்றே என்று கொண்டு மேலே செல்லும் நிரல், நூறு முறை சரியாக ஓடி, நூற்றோராம் முறை செய்தியின் பாதியை விழுங்கிவிடும்.

தவறு நேர்ந்தால் அதனை எங்கே சொல்வது? மேசைக் கணினியில் திரையில் எழுதிவிடலாம். நம் உட்பொதி கணினிக்கோ திரையில்லை. இருந்தாலும் அங்கே அமர்ந்து படிப்பார் இல்லை. ஆதலின் சிஸ்லாக் என்னும் நாட்குறிப்பில் எழுதிவைக்கும்படி அப்பயிற்சி பணிக்கிறது. பின்னாளில் ஒருவர் வந்து அந்நாட்குறிப்பைப் புரட்டினால்தான், நள்ளிரவில் அக்கருவிக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியவரும்.

அடுத்து வருவது, என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. கணினி ஒன்றை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எழுப்புவது. கெர்னலின் மூலநிரலைத் தரவிறக்கி, ஆர்ம் வகைச் செயலிக்கு ஏற்றவாறு நம் கணினியிலேயே தொகுக்க வேண்டும். ஒரு வகைச் செயலியில் அமர்ந்துகொண்டு வேறொரு வகைச் செயலிக்கு நிரல் ஆக்கும் இம்முறைக்கு கிராஸ் கம்பைலிங் என்று பெயர். பின், நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே நிரலுக்குள் அடக்கிய பிஸிபாக்ஸ் என்பதனைச் சேர்த்து, சிறியதொரு கோப்பு அமைப்பை நாமே கட்ட வேண்டும். இதற்குத் தனிக் கருவி ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. ஃபேப்ரிஸ் பெல்லார்டு என்பவர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கியூஎமு என்னும் நிரல், நம் கணினிக்குள்ளேயே ஓர் ஆர்ம் கணினி இருப்பதுபோல் நடித்துக்காட்டும். எல்லாம் ஆயத்தமானதும் அதனை இயக்கினால், கெர்னல் தான் கண்ட உறுப்புகளை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே எழுந்து, முடிவில் இனிட் என்னும் முதல் நிரலைத் தேடும். அதற்குரிய வரிசை எண் 1. அதனைத் தொடங்க முடியாவிட்டால், கெர்னல் ‘பேனிக்’ என்று அலறி நின்றுவிடும்.

இவ்விடத்தில் மாணவர் பலர் திகைப்பது இயல்பு. கெர்னல் தரும் பிழை எண்ணின் பொருள் ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்பது. சென்று பார்த்தாலோ கோப்பு தன் இடத்தில் அமைதியாக இருக்கிறது! பொய் சொல்வது யார்? கெர்னல் பொய் சொல்லவில்லை. அந்நிரல் தனித்து ஓடவல்லதன்று. தொடங்கும்போதே டைனமிக் லோடர் என்னும் துணைநிரல் ஒன்றை அழைத்துத் தனக்கு வேண்டிய நூலகக் கோப்புகளைப் பொருத்திக்கொள்வது. அத்துணையை நாம் படியெடுத்து வைக்காமையால், இல்லாத கோப்பு அதுவே. கெர்னல் ‘இல்லை’ என்றது அதனை. நாம் தேடிச் சென்றது வேறொன்றை. இதனைத் தாமே கண்டுபிடித்தவர், ஒரு நிரல் எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதைப் பிறகு மறக்கவே மாட்டார். விரிவுரையில் கேட்டறிந்தவரோ தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவார்.

இவ்வாறு கையால் ஒருமுறை கட்டிப் பார்த்த பின்னரே, அவ்வேலை முழுவதையும் தானே செய்யும் பில்ட்ரூட்டை அறிமுகப்படுத்துகிறார்கள். இவ்வரிசை மிகப் பொருத்தமானது. முதலில் அடுப்பூதப் பழகியவருக்கே எரிவாயு அடுப்பின் அருமை தெரியும்.

நிற்க. பின்னர், 9000 என்னும் எண்ணுள்ள வலைவாயிலைத் திறந்துவைத்து, வருவோர் அனுப்பும் செய்தியைக் கோப்பில் சேர்த்து, சேர்ந்த அனைத்தையும் அவர்க்குத் திருப்பியனுப்பும் நிரலொன்றை எழுதுகிறோம். நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு வந்தால், கையிலிருக்கும் வேலையை முடித்து, திறந்தவற்றையெல்லாம் மூடி, ஒழுங்காக விடைபெற வேண்டும் என்பதும் விதி. பயிற்சிகளுள் இதுவே நெஞ்சைப் பிழிவது. ஏனெனில் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தொடர்பின்போதும் 100 பைட் நினைவகத்தை வாங்கித் திருப்பித் தராமல் விடுகிறது ஒரு நிரல் என்று கொள்வோம். நொடிக்கு ஒரு தொடர்பு வருகிறது. சோதனைச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் இழப்பு 3,60,000 பைட். எவர் கண்ணிலும் படாது. நாளொன்றுக்கு 86,400 நொடிகள்; இழப்பு 86,40,000 பைட். அக்கருவியில் 64 மெகாபைட் நினைவகம் மீதமிருந்ததாயின், எட்டாம் நாள் அது தீர்ந்துபோகும். அப்போது கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைப் பலியிட்டு நினைவகத்தை மீட்கும். பலியாவது எந்நிரலாகவும் இருக்கலாம். மருத்துவமனையில் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் கருவி இவ்வாறு எட்டாம் நாள் ஓய்ந்தால், ஆக்கியவர் ‘என் மேசையில் நன்றாகத்தானே ஓடிற்று’ என்று கூறுவதில் பொருளுண்டோ? இத்தகைய கசிவைக் கண்டறிய வால்கிரிண்ட் என்றொரு கருவி இருக்கிறது. நிரல் ஓடும்போதே அருகிலிருந்து, வாங்கிய நினைவகத்துள் எது திரும்பவில்லை என்று அது கணக்குச் சொல்லும்.

ஆளில்லா இடத்துக் கணினிக்குக் காவலாக வாட்ச்டாக் என்னும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. அது ஒரு கடிகாரம். குறித்த நேரத்திற்குள் நிரல், ‘நான் நலமாக இருக்கிறேன்’ என்று அதனைத் தட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். தட்டாவிட்டால், ஏதோ கோளாறு என்று கொண்டு கணினியை மீண்டும் தொடங்கவைக்கவோ, நடக்கும் செயலை நிறுத்தவோ செய்யும். இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு செவ்வாய்க் கோளில் நிகழ்ந்தது. நாசா அங்கே அனுப்பிய இன்ஜெனியூட்டி என்னும் சிறு ஹெலிகாப்டரின் எடை ஏறத்தாழ 1.8 கிலோகிராம், அதன் வழிகாட்டும் கணினியில் இயங்கியது லினக்ஸ். 2021 ஏப்ரல் 9ஆம் நாள், சுழல் இறக்கைகளை முழு வேகத்தில் சுழற்றிப் பார்க்கும் சோதனையின் நடுவே, வாட்ச்டாக் கடிகாரத்தின் கெடு முடிந்து, கட்டளை வரிசை பாதியிலேயே நின்றுவிட்டது. ஹெலிகாப்டருக்குத் தீங்கில்லை. பூமியிலிருந்தவர்கள் குறிப்புகளை ஆராய்ந்து, கட்டளை வரிசையைத் திருத்தியனுப்பினர். ஏப்ரல் 19ஆம் நாள் அது முதன்முறையாகப் பறந்தது. ஐந்து முறை பறக்கவே திட்டமிட்ட அக்கருவி, 2024 ஜனவரியில் ஓயும்வரை 72 முறை பறந்தது. வானொலி அலை சென்று சேரவே பல நிமிடங்கள் ஆகும் தொலைவில், எவரும் ஓடிச்சென்று விசையை அணைத்துப் போட முடியாத இடத்தில் இது நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இணையவழிக் கல்வியைப் பற்றியும் ஒரு சொல். அங்கே ஆசிரியர் நம் தோளுக்குப் பின் நிற்பதில்லை. நாம் எழுதிய நிரலைக் குறித்த இடத்தில் சேர்த்ததும், பொறியே அதனைத் தொகுத்து ஓட்டிப் பார்த்து, வென்றது என்றோ தோற்றது என்றோ தீர்ப்பளிக்கிறது. நள்ளிரவாயினும் அது களைப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை. கூச்சமுள்ள மாணவர்க்கு இது பெருநன்மை. ஆயினும் அத்தீர்ப்பை நான் முழுதும் நம்புவதில்லை. சோதனை கேட்ட கேள்விக்கு நிரல் விடை சொல்லிற்று என்பதுதான் பச்சைக்குறியின் பொருள். கேளாத கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. எட்டாம் நாள் நினைவகம் தீருமா என்று எந்தச் சோதனையும் எட்டு நாள் காத்திருந்து பார்ப்பதில்லை. மேலும், விரிவுரைப் படத்தை ஓடவிட்டுப் பார்க்கும்போது யாவும் விளங்கிவிட்டதுபோல் தோன்றும். அத்தோற்றம் பெரிதும் ஏமாற்றுவது. பத்து நிமிடம் பார்த்தவர் ஒரு மணி நேரம் தட்டச்சுச் செய்ய வேண்டும் என்பது நான் எனக்கு வகுத்துக்கொண்ட அளவு.

பாடம் ஆங்கிலத்தில் நடப்பது, தமிழில் பயின்று வந்தவர்க்கு முதலில் அச்சம் தரலாம். பேச்சுக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. வேண்டிய இடத்தில் நிறுத்திப் படிக்கலாம். சொற்களும் சில நூறுக்குள் அடங்கும். கட்டணம் தடையாயின், பிரான்ஸ் நாட்டுப் பூட்லின் நிறுவனம் தன் பயிற்சி ஏடுகளை யாவரும் விலையின்றிப் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. மைக்கேல் கெரிஸ்க் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட, 1500 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்று, லினக்ஸின் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக விளக்குகிறது. அதனை முதலிலிருந்து கடைசிவரை படிக்க முயலாதீர்கள். அகராதியைப்போல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களாயின், லினக்ஸ் உள்ள கணினியொன்றில் எஸ்டிரேஸ் என்னும் சிறு கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு நிரல் கெர்னலுக்கு விடுக்கும் விண்ணப்பங்களையும் பெறும் விடைகளையும் அது வரிவரியாக எழுதிக்காட்டும். கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் என்னும் சாதாரணக் கட்டளையை அதன்கீழ் ஓடவிடுங்கள். நொடியில் முடிந்துவிடும் அக்கட்டளைக்குப் பின்னால் பல பத்து விண்ணப்பங்கள் இருப்பதைக் காண்பீர்கள். வழக்கமான லினக்ஸ் கணினிகளில், முதற்சில வரிகளுக்குள்ளேயே ஒரு விண்ணப்பத்திற்குக் கழித்தல் ஒன்று என்ற விடையும், ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்ற காரணமும் வந்திருக்கும். நிரல் அதனைப் படித்துக்கொண்டு, அடுத்த விண்ணப்பத்திற்குச் சென்றிருக்கும்.