கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

(விருதுநகர் மாவட்ட ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கட்டடக்கலை படித்தவள் அல்ல. பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். ஆனாலும் இன்று ஒரு கட்டடக் கலைஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் மாணவி வரைந்த ஒரு படம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில், "உங்களுக்குப் பிடித்த வகுப்பறையை வரைந்து வாருங்கள்" என்றேன். பூச்செடி, கம்ப்யூட்டர், மின்விசிறி என்று வரைந்து வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் நான்கு சுவரிலும் கதவு வைத்திருந்தாள்.

"எதுக்கும்மா இத்தனை கதவு? காத்து வரவா?" என்று கேட்டேன்.

"ஓடுறதுக்கு டீச்சர்" என்றாள்.

அவள் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். அம்மா உட்கார்ந்து வேலை செய்யும் அறையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. வெளியூரிலிருந்து மாறுதலாகி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசு ஆலை ஒரே பெரிய கட்டடமாக இருக்காது. தனித்தனிச் சிறு அறைகளாக, இடைவெளி விட்டு இருக்கும். மருந்து புழங்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கமாகத் திறக்கும் கதவை, பதறி ஓடி வருகிறவர்களே தங்கள் உடம்பால் அடைத்துவிடுவார்கள். அந்த அறையை வகுத்தவர்கள், உள்ளே இருக்கும் மனிதர் எப்படிப் பயப்படுவார், எந்தப் பக்கம் ஓடுவார் என்று யோசித்திருக்கிறார்கள்.

விதி இருந்தும் விபத்து நடக்கிறது. நால்வர் அறையில் கூடுதல் ஆட்கள் அமர்த்தப்படும்போதும், ஓடும் பாதையில் சரக்கு அடுக்கப்படும்போதும் அந்த யோசனை வீணாகிறது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம், நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அங்கே வேலை செய்யாதவர்களும், உதவ ஓடியவர்களும் அதில் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்தில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதும் நாம் அறிந்ததே. கட்டடம் என்பது அழகு பற்றிய பேச்சு மட்டும் அல்ல.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு என் வகுப்பறைக் கதவைத் திறந்து பார்த்தேன். அது உள்பக்கமாகத் திறந்தது. பாதிவரை வந்து நின்றுவிட்டது. பின்னால் உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்தன. அடுக்கச் சொன்னது நான்தான்.

அப்போதுதான் லாரி பேக்கர் நினைவுக்கு வந்தார். வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால், "லாரி வச்சிருக்கவரா டீச்சர்?" என்பார்கள் நம் பிள்ளைகள்! அவர் பெயரை முதலில் கேட்டது திருவனந்தபுரத்தில். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தபோது, தம்பானூர் பேருந்து நிலையம் அருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸுக்குப் போனோம். செங்கல் நிறத்தில் உருண்டையாக நிற்கும் கட்டடம் அது. உள்ளே படிக்கட்டு கிடையாது. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான் தரை. சுவரில் வரிசையாகச் சிறு திறப்புகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. மூட்டுவலிக்காரரான என் அம்மா, "படி இல்லாம மாடி கட்டியிருக்கான் பாரு, மகராசன்" என்றார். அந்த மகராசன்தான் பேக்கர்.

1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது துப்பாக்கி ஏந்தாமல், மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனா போனார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்ன கருத்து தன் வாழ்நாள் முழுவதும் கூட வந்ததாகப் பேக்கர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1945இல் இந்தியா வந்தவருக்குக் கிடைத்த வேலை, தொழுநோயாளர் விடுதிகளைச் சீரமைப்பது. நோயாளிகளை ஊரிலிருந்து ஒதுக்கி வைக்கக் கட்டப்பட்ட இடங்கள் அவை. குணப்படுத்தும் மருந்து வந்துவிட்ட காலத்தில், அடைத்துவைக்கும் கட்டடம் ஆற்றும் கட்டடமாக மாற வேண்டியிருந்தது. பிறகு மருத்துவரான எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டும் முறையைப் பார்த்து, தான் கல்லூரியில் கற்றது இங்கே போதாது என்று உணர்ந்தார். படித்தவர் படிக்காதவரிடம் மாணவராக உட்கார்ந்தார். ஆசிரியர்களாகிய நமக்கு அவர் வாழ்க்கையில் பெரிய பாடம் இதுதான் என்பேன்.

பின்னர் கேரளத்தில் குடியேறி, உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் முதல் ஏழைகளின் வீடுகள் வரை கட்டினார். அவர் முறையில் இரண்டை மட்டும் சொல்கிறேன். அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயன்படும். ஒன்று, செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. சுவருக்குள் வெற்றிடம் உண்டாகும். செங்கல் கால்வாசி மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். இன்னொன்று, கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் அதிகம் வேலை செய்யாத கான்கிரீட்டுக்குப் பதில் பழைய ஓடுகளைப் பதிப்பது. சிமெண்ட் மிச்சம், பாரமும் குறைவு. நிற்கும் மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டுவதும் அவர் வழக்கம். 1990இல் பத்மஸ்ரீ பெற்றார். 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

இந்த முறைகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான்: இதற்குள் வாழப்போகிறவர் யார்? அவரிடம் கேட்டாயா?

நான் கேட்டதில்லை. ஒன்றைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். "வெயில் இந்தப் போடு போடுது, பாட்டில் அப்படியே இருக்கு" என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். படம் வரைந்த அந்தப் பிள்ளைக்குப் பிறகுதான், இப்போதைய பள்ளியில் திட்டுவதை விட்டுக் கேட்டேன். "கழிப்பறைத் தாழ்ப்பாள் எட்டாது டீச்சர். ஒருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். அதான் தண்ணி குடிக்கிறதில்ல" என்றார்கள். பழைய பள்ளியின் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே வந்துவிட்டேன். இங்கே கீழே இன்னொரு தாழ்ப்பாள் அடிக்க ஆன செலவு ஒரு மதியச் சாப்பாட்டுக்கான காசு.

நாம் சுவரை இடித்துக் கட்ட முடியாது, செய்யவும் கூடாது. அது பொறியாளர் வேலை. ஆனால் நம் கைக்கு எட்டியவை இருக்கின்றன.

ஒரு நாள், சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றின் உயரத்துக்குக் குனிந்து பள்ளியைச் சுற்றி வாருங்கள். குழாய் எட்டுகிறதா? ஜன்னல் வழியே வானமாவது தெரிகிறதா? கடைசி மூலையில் உட்கார்ந்தால் கரும்பலகை கூசுகிறதா? சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை, ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற அளவில் இருக்கிறதா, அல்லது கணக்குக் காட்டச் செங்குத்தாக நிற்கிறதா? கணித ஆசிரியர்கள் இதையே சாய்வுப் பாடமாக நடத்தலாம். கதவு திறக்கும் தரையில் கோணமானியை வரைந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிள்ளைகள் கோணம் படிப்பார்கள். மேற்கு வெயில் விழும் பக்கம் ஒரு வேம்பு வைத்தால், பத்து ஆண்டு கழித்து வரும் வகுப்பு நம்மை வாழ்த்தும். எல்லாவற்றுக்கும் முன்னால், வெளியேறும் வழியில் எதையும் அடுக்காதீர்கள். பிள்ளைகள் சொல்வதை எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அந்தக் குழுவில் இருக்கும் பெற்றோர் பலர் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்கள். ஆபத்தான அறை எப்படி இருக்கும் என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் உடைந்த பெஞ்சுகளை மறுநாளே அப்புறப்படுத்தினோம். கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம், இன்னும் மாறவில்லை. அதுவரை பாட நேரத்தில் கதவைத் திறந்தே வைத்து, ஆடாமல் கொக்கி மாட்டுகிறோம். கொக்கி மாட்டும் பொறுப்பை அந்தப் பிள்ளை தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் பள்ளியை விட்டுப் போனபின் அந்தப் பொறுப்பு அடுத்த வகுப்புக்குப் போயிற்று, இன்றும் தொடர்கிறது.

நாளைக் காலை பள்ளிக்குப் போனதும், வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன், உங்கள் வகுப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.