பேச்சுச் சுதந்திரம் நமக்கு இருக்கிறதா?

(திருவனந்தபுரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது ஒரு விஷயம் பற்றி அரை மணி நேரம் பேசுங்கோ சார், அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார். "பேச்சுச் சுதந்திரம் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஆகவே, அரசியல் கூடாது என்ற நிபந்தனையோடு பேச்சுச் சுதந்திரம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பில் உள்ள கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

நான் பௌதிகம் படித்தவன். வக்கீல் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் ஃபைல் பார்த்தே காலம் கழித்தவன். பௌதிகம் எனக்குக் கற்றுத் தந்த ஒரு பாடம் மட்டும் இன்றும் மறக்கவில்லை. ஒரு பாலம் பலமானதா என்பது அதன்மேல் சைக்கிள் போகும்போது தெரியாது; பாரம் ஏற்றிய லாரி போகும்போதுதான் தெரியும். பேச்சுச் சுதந்திரமும் அப்படித்தான். எல்லோருக்கும் பிடித்ததைச் சொல்பவனை யாரும் தடுப்பதில்லை. பிடிக்காததை ஒருவன் சொல்லும்போது அவனை என்ன செய்கிறோம் என்பதில்தான் சோதனை.

அந்தச் சோதனையைப் பார்க்க நாம் அமெரிக்கா, ஐரோப்பா என்று எங்கும் போக வேண்டாம். நம் பாளையத்தில் ஸ்வதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையின் சிலை இருக்கிறது. நம்மில் பலர் தினமும் பஸ்ஸில் அதைக் கடந்து போகிறோம். அவர் நெய்யாற்றின்கரைக்காரர். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-ல் தொடங்கிய 'ஸ்வதேசாபிமானி' பத்திரிகைக்கு 1906 முதல் ஆசிரியராக இருந்தார். பத்திரிகை முதலாளி ஒரு முஸ்லிம், ஆசிரியர் ஒரு நாயர். ஆசிரியர் எழுதுவதில் முதலாளி தலையிடவில்லை என்பதே அந்தக் காலத்துக்கு ஓர் அதிசயம். லஞ்சம், சிபாரிசு, அரண்மனை உத்தியோகஸ்தர்களின் செல்வாக்கு எல்லாவற்றையும் பிள்ளை கடுமையாக எழுதினார். திவானையும் விடவில்லை. 1910 செப்டம்பர் 26-ஆம் தேதி போலீஸ் அச்சகத்துக்கு வந்தது. அச்சு இயந்திரம் பறிமுதல். பத்திரிகைக்குத் தடை. ஆசிரியரைப் பிடித்து, ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். வழக்கு, விசாரணை, தீர்ப்பு எதுவும் கிடையாது. மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளின் ஒரு விளம்பரம், அவ்வளவுதான். அவருடைய மனைவி பி. கல்யாணி அம்மா கணவரோடு ஊர் ஊராகப் போனார். பிள்ளை மறுபடி இந்த மண்ணை மிதிக்கவேயில்லை. 1916-ல் கண்ணூரில் காசநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 37.

அந்தத் திவான் யார்? பி. ராஜகோபாலாச்சாரி. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ் பிராமணர். நம்மவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையை நம் வீடுகளில் சொல்லும்போது ஒன்று இந்தப் பெயரை விட்டுவிடுவோம், அல்லது பத்திரிகைக்காரர் வரம்பு மீறினார் என்று முடித்துவிடுவோம். நானும் சின்ன வயதில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

ஆனால் கதை இத்தோடு முடிந்திருந்தால் எளிது. பாளையத்திலிருந்து மியூசியம் வழியாக நடந்தால் வெள்ளயம்பலத்தில் இன்னொரு சிலை வரும். மகாத்மா அய்யன்காளி. புலையர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கப் போராடியவர். அந்தக் குழந்தைகளைச் சேர்க்க உத்தரவு வந்தது இதே ராஜகோபாலாச்சாரி திவானாக இருந்தபோதுதான். அய்யன்காளியை 1911-ல் ஸ்ரீமூலம் பிரஜாசபைக்கு நியமித்ததும் அந்தக் காலத்திலேதான். உத்தரவு இருந்தும், ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனதற்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். சரி, புலையர் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு சேர்த்து உட்கார வைப்பதை எதிர்த்து 1910-ல் தலையங்கம் எழுதியவர் யார் தெரியுமா? ஸ்வதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்று உவமை சொன்னார். படித்தால் இன்று நமக்குக் கூசுகிறது.

ஆக, நாடு கடத்தப்பட்டவர் ஒரு பெரிய விஷயத்தில் தவறாக இருந்தார். நாடு கடத்திய திவான் அதே விஷயத்தில் சரியாக இருந்தார். அப்படியானால் நாடு கடத்தியது சரியா? இல்லை என்பதே என் பதில். அந்தத் தலையங்கத்துக்கு மறுப்பு எழுதலாம். அவதூறு என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். பின்னால் அய்யன்காளியின் சங்கம் 'சாதுஜன பரிபாலினி' என்று சொந்தப் பத்திரிகையே நடத்தியது. எழுத்துக்கு எழுத்துதான் பதில்; ஆரல்வாய்மொழி பதில் அல்ல. மேலும், அவரை வெளியேற்றியது அந்தத் தலையங்கத்துக்காக அல்ல, அதிகாரத்தைக் குறை சொன்னதற்காக.

இன்னொன்றையும் கவனியுங்கள். சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் திவானாக இருந்தபோது, 1936-ல், கோயில் பிரவேச விளம்பரம் வந்தது. அதே சர் சி.பி. காலத்தில் 1938-ல் மலையாள மனோரமா பூட்டப்பட்டது. 1947-ல்தான் மறுபடி திறந்தது. இரண்டு திவான்கள், இரண்டு நல்ல காரியங்கள், இரண்டு பூட்டிய பத்திரிகைகள். எனக்கு இதிலிருந்து தோன்றுவது இது: கெட்டவன்தான் பிறர் வாயை மூடுவான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. "நாம் இவ்வளவு நல்லது செய்கிறோம், இவன் ஏன் குறை சொல்கிறான்?" என்று நினைக்கும் நல்லவனுக்கே அந்தச் சபலம் அதிகம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

அதெல்லாம் ராஜாவின் காலம், இப்போது ஜனநாயகம் அல்லவா என்று கேட்பீர்கள். உண்மைதான். நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. 1950-ல் சுப்ரீம் கோர்ட், இடதுசாரிப் பத்திரிகையான 'கிராஸ் ரோட்ஸ்' மீதும், வலதுசாரிப் பத்திரிகையான 'ஆர்கனைஸர்' மீதும் சர்க்கார் போட்ட கட்டுப்பாடுகளை ஒரே நாளில் ரத்து செய்தது. அடுத்த வருஷமே, 1951-ல், முதல் திருத்தம் வந்து பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளின் பட்டியல் நீண்டது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காப்பாற்ற வந்தது. நம் முதல் திருத்தம் அதைக் குறைக்க வந்தது.

1975-ல் அவசர நிலை வந்தபோது நான் வேலையில் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. 'நாவடக்கூ, பணியெடுக்கூ' என்ற கோஷம் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். நாக்கை அடக்கு, வேலையைப் பார். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை என்பதை இன்று வெட்கத்தோடு சொல்கிறேன். அரசாங்கத்தைப் பொதுவில் விமர்சிக்கக் கூடாது என்று 1960-ஆம் வருஷத்து நடத்தை விதிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. ஆபீஸில் பஸ்கள் நேரத்துக்கு வருகின்றன என்று பேசிக்கொண்டோம். ராஜன் என்ற இன்ஜினீயரிங் மாணவனைப் போலீஸ் பிடித்துப் போனதும், அவன் திரும்பி வராததும், அவன் தகப்பனார் ஈச்சர வாரியர் 1977-ல் ஹைகோர்ட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் காதில் முழுதாக விழுந்தது. பேச்சு இல்லாத இடத்தில் பேசுகிறவனுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. கேட்க வேண்டியவனுக்கும் நஷ்டம் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

சமீப காலத்துக்கு வருவோம். 2015 மார்ச் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் போயிற்று என்பது நம்மிலேயே பலருக்குத் தெரியாது. ஐந்து வருஷம் கழித்து, 2020 நவம்பரில், கேரள அரசு 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. நோக்கம் நல்லதுதான்: இணையத்தில் பெண்களைக் கேவலமாக எழுதுவதைத் தடுக்க. ஆனால் வாசகம் எந்த ஊடகத்தில் யார் எழுதினாலும் மூன்று வருஷம் வரை சிறைக்கு அனுப்பக் கூடியதாக இருந்தது. எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்தது. இரண்டே நாளில் முதலமைச்சர் அதை அமல்படுத்துவதில்லை என்று அறிவித்தார். பிறகு வாபஸ் ஆயிற்று. இதைத் தோல்வி என்று சிலர் சொன்னார்கள். நான் அதை ஜனநாயகத்தின் வெற்றி என்பேன். 1910-ல் அப்படித் திரும்பப் பெற வழியே இல்லை.

ஆகவே சர்க்காரைப் பொறுத்தவரை, பேச்சுச் சுதந்திரம் ஓரளவு இருக்கிறது, அடிக்கடி கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது என் கணக்கு. ஆனால் இன்று சர்க்காரைவிடப் பெரிய பயம் கூட்டத்தைப் பற்றியது. இதற்கு நமக்கு நெருக்கமான இரண்டு உதாரணங்கள்.

1987-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம். ஒரு பிராமணப் பெண் பொய்யான ஜாதி சர்டிபிகேட் வைத்து உத்தியோகம் பெறும் கதை. கலவரம் வரும் என்று சொல்லி எதிர்த்தார்கள். சென்னை ஹைகோர்ட் படத்தின் சான்றிதழை ரத்து செய்தது. 1989-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் திருப்பிக் கொடுத்தது. மிரட்டல் வருகிறது என்பதற்காகப் பேச்சை அடக்கக் கூடாது, பேசுகிறவனைக் காப்பாற்றுவதே சர்க்காரின் கடமை என்பது தீர்ப்பின் சாரம். நாம் எல்லோரும் கைதட்டினோம்.

2018-ல் எஸ். ஹரீஷ் எழுதிய 'மீச' நாவல் மாத்ருபூமி வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. கோயிலுக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு பாத்திரம் பேசும் பேச்சு பலரைப் புண்படுத்தியது. குடும்பத்துக்கு மிரட்டல் வர, ஆசிரியர் தொடரை நிறுத்தினார். தடை கேட்ட மனுவை அதே வருஷம் செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. நம்மில் எத்தனை பேர் அப்போது கைதட்டினோம்? எனக்கும் அந்த வரிகள் பிடிக்கவில்லை. "இப்படியெல்லாம் எழுத விடலாமா?" என்று நானும் கேட்டேன். 1989-ல் எனக்கு இனித்த நியாயம் 2018-ல் கசந்தது. நியாயம் மாறவில்லை, லாரியில் ஏற்றிய சரக்குதான் மாறியிருந்தது.

இனி முன்பு சொன்ன இடத்துக்கு வருகிறேன். சர்க்காரையும் கூட்டத்தையும் குறை சொல்லிவிட்டு இறங்கிவிட்டால் என் மனசாட்சி என்னை விடாது.

சில வருஷங்களுக்கு முன் நம் இதழின் ஆசிரியர் குழுவில் நானும் இருந்தேன். வெளியூரிலிருந்து ஒரு மாமி கடிதம் எழுதியிருந்தார். ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற மூத்த பெண்மணிகளை மேடைக்கு அழைத்தார்கள். வரிசையில் முதலில் நின்றவர் இந்த மாமி. பெயர்களைப் படித்தவர் இவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார். மாமா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடிதத்தில் கோபமே இல்லை. "சந்தாவை என்னிடம் வாங்கிக்கொள்கிறீர்கள், விளக்கை மட்டும் ஏன் என்னிடம் தருவதில்லை? இது சபையின் விதியா, அல்லது அன்று அங்கிருந்தவரின் எண்ணமா? இதழில் பதில் தாருங்கள்" என்று கேட்டிருந்தார். ஒரு பக்கம்தான்.

குழுவில் யாரும் அது பொய் என்று சொல்லவில்லை. "ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் தருகிறோம், வைத்திய உதவி செய்கிறோம், இந்த நேரத்தில் இது எதற்கு?" என்றார் ஒருவர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவன் அல்லவா, எனக்கு வழி தெரியும். "இப்போது வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்" என்றேன். மறுத்ததாகவும் இல்லை, போட்டதாகவும் இல்லை. மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு: "கடிதம் கிடைத்ததா?" நான் பதில் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் பெயர் நம் இதழில் வந்தது, இரங்கல் பகுதியில். அதை மட்டும் தாமதமில்லாமல் போட்டோம்.

திவான்களைப் பற்றி நான் சொன்னது இப்போது உங்களுக்குப் புரியும். எங்களுக்குப் போலீஸ் தேவைப்படவில்லை, விளம்பரம் தேவைப்படவில்லை. 'அடுத்த இதழ்' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

கௌரவ சபையில் திரௌபதி கேள்வி கேட்டபோது, பீஷ்மர், துரோணர் எல்லோரும் இருந்தார்கள். எழுந்து பேசியவன் விகர்ணன். அவன் கௌரவர்களில் ஒருவன். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். சின்ன வயதில் பாகவதர் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்தச் சபையில் நான் இருந்திருந்தால் பேசியிருப்பேன் என்று நினைத்திருக்கிறேன். பிறகு ஒரு சபையில் இருந்தேன். பேசவில்லை.

பேச்சுச் சுதந்திரம் உண்மையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு என் விடை இது. சட்டத்தில் இருக்கிறது, வரம்புகளோடு. கோர்ட்டில் கிடைக்கிறது, தாமதமாக. ஆனால் மனிதன் தினமும் வாழ்வது கோர்ட்டில் அல்ல. வீட்டில், ஆபீஸில், சபையில், இப்போது வாட்ஸ்அப் குழுவில். அங்கெல்லாம் அது இருக்கிறதா என்பது அங்கே மூத்தவராக உட்கார்ந்திருக்கும் நம்மைப் பொறுத்தது.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். நம் இதழில் ஒரு பக்கத்தை அங்கத்தினர்களின் மாற்றுக் கருத்துக்காக ஒதுக்குங்கள். திட்டு வேண்டாம், தனிமனிதர் மேல் அவதூறு வேண்டாம், பெயர் போட்டு எழுதட்டும். பதில் சொல்ல வேண்டியவர் அதே இதழில் பதில் சொல்லட்டும். இந்த உரையை வெளியிடுவதாக இருந்தால், மாமியின் கடிதம் பற்றிய பகுதியை வெட்டாமல் போடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் சுப்ரீம் கோர்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.