நாற்காலியும் அதில் இருப்பவரும்

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



கீழ்ப்படிதல் நமக்குப் புதிய பாடமல்ல. மணி அடித்தால் வரிசை, அதிபர் வந்தால் எழுந்து நிற்றல், மாணவ தலைவி பார்த்தாலே மௌனம் என்று பழகி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பாடசாலைப் படலைக்கு வெளியே, பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும், அதிகாரத்தோடு நமக்கு முன்னால் இருப்பவரை ஒரு கிறிஸ்தவப் பெண் எப்படி மதிப்பது?

இந்தக் கேள்வி எழுந்தவுடன் எல்லோரும் திறப்பது ரோமர் நிருபம் 13ஆம் அதிகாரம். ஆளும் அதிகாரம் தேவனால் உண்டானது, ஆகவே அதற்கு அமைந்திருக்க வேண்டும் என்று பவுல் அங்கே எழுதுகிறார். அப்போது ஆட்சியில் இருந்தவன் நீரோ. 64ஆம் ஆண்டு ரோம் எரிந்தபோது பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தி வதைத்த அதே நீரோ. அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, வாய் திறவாதிருப்பதே மரியாதை என்று, அதுவும் பெண்களுக்கென்றே, போதித்தவர்கள் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. அதே பவுல், அதை எழுதுவதற்குச் சில வருடங்களுக்கு முன் பிலிப்பி பட்டணத்தில் நடந்துகொண்ட விதத்தையும் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் சேர்த்து வாசிக்க வேண்டும்.

குறி சொல்லும் ஓர் அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவித்தார். அவளை வைத்துச் சம்பாதித்த எசமான்கள் கோபங்கொண்டு, அவரையும் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துச் சென்றார்கள். விசாரணை இல்லாமலே இருவரையும் அடித்து, காவலில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தன. அவர்கள் ஓடவில்லை. பயந்து தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளப் போன சிறைக்காவலனைத் தடுத்துக் காப்பாற்றினார்கள். விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, இவர்களைப் போகவிடச் சொன்னார்கள். நம்மில் பலர் விட்டது போதும் என்று புறப்பட்டிருப்போம். பவுலோ மறுத்தார். ரோமப் பிரசைகளான எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து, தயவாகப் பேசினார்கள். பட்டணத்தைவிட்டுப் போகும்படி கேட்டார்கள். அவர் நேரே லீதியாளின் வீட்டுக்குப் போய், விசுவாசிகளைத் தேற்றிவிட்டுத்தான் புறப்பட்டார்.

அவர் ஏசவில்லை, பழிவாங்கவும் இல்லை. உங்கள் சட்டத்தை நீங்களே காத்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரம் நின்றார். நாற்காலியில் இருந்தவர்களைவிட அந்த நாற்காலியை அவரே கூடுதலாக மதித்தார் என்று நாம் சொல்லுவோம். அவர் போன பிறகு அந்த ஊரில் இருக்க வேண்டியவர்கள் லீதியாளும் அவள் வீட்டாரும் அல்லவா? அவர்களுக்கும் அது ஒரு காவலாக இருந்திருக்கும் என்பது நமது எண்ணம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1987இலும் 1988இலும் வந்த 13ஆம், 16ஆம் திருத்தங்களின்படி தமிழும் அரசகரும மொழி. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் அதுவே. இருந்தும் விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டி, கையெழுத்து வை என்றால் எத்தனை தாய்மார் பேசாமல் வைத்துவிட்டு வருகிறார்கள்! “ஐயா, தமிழில் எழுதித் தாருங்கள், வாசித்துவிட்டு வைக்கிறேன்” என்று பணிவாகச் சொல்வது அவமரியாதையல்ல. காணிக் கடிதத்துக்கோ கொடுப்பனவுக்கோ பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை.

ஆனால் சட்டம் நமக்கும் சட்டமே. ரொறன்ரோவில் நள்ளிரவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர், ஊருக்கு வந்ததும் “உள்ளே தெரிந்த ஆள் இருக்கா?” என்று கேட்பது விநோதம். உள்ளே இருக்கும் ஆள் பல வேளைகளில் பழைய மாணவி என்பதும் நாம் அறிந்ததே! அவளுடைய நட்பால் நாம் முன்னால் போனால், விடியற்காலை பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கும் ஒரு முதியவள் பின்னால் போகிறாள்.

இந்த மண்டபத்தில் அதிபர்களும் வைத்தியர்களும் செயலக உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். கர்த்தரிடம் வந்த நூற்றுக்கு அதிபதி, தானும் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்று தன்னைக் குறித்துச் சொன்னான். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கிழவியை “நீ” என்று கூப்பிடாமல் “அம்மா, இருங்கோ” என்று சொல்லக் காசு செலவில்லை.

படிவம் நிரப்பவும், கடிதம் எழுதவும், கூடச் சென்று நிற்கவும் ஆளில்லாத பெண்கள் நம் பாடசாலையைச் சுற்றியே இருக்கிறார்கள். சிங்களம் தெரிந்தவர்களும் சட்டம் படித்தவர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் இன்று மதியபோசனத்துக்கு முன் தங்கள் பெயர்களைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை போதும்.