பத்து நிமிடத் தீர்ப்பு



லிங்கனைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. நான் அவருடைய மனைவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேரி டாட் லிங்கன்! 1818இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் பிறந்தவர். லிங்கன் பள்ளிக்கூடம் போன நாள்களையெல்லாம் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. இந்த அம்மாவோ பத்து வருடம் படித்தவர், பிரெஞ்சு சரளமாகப் பேசியவர். தூரத்து ஒரிகானுக்கு ஆளுநராகப் போகச் சொல்லி லிங்கனுக்கு அழைப்பு வந்தபோது, வேண்டாம் என்றவர் மேரி. போயிருந்தால் அந்த மனிதரை உலகத்துக்குத் தெரிந்திருக்குமா? 1860இல் தேர்தல் முடிவு வந்த இரவு, லிங்கன் சேதி சொல்ல ஓடியது மேரியிடம்தான். தட்டுங்கள் கையை, அந்த அம்மாவுக்காக!

நன்றி. ஆனால் அந்த நாடு கைதட்டவில்லையே!

உள்நாட்டுப் போர் வந்தது. அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர்கள் தெற்குப் படையில் சேர்ந்தார்கள்; சிலர் செத்தார்கள். வடக்கத்திக்காரர்கள் உளவாளி என்றார்கள், தெற்கத்திக்காரர்கள் துரோகி என்றார்கள். மருத்துவமனைகளில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பழம் கொடுத்து, அவர்களுக்காகக் கடிதமும் எழுதிக்கொடுத்தார். அதைப் பேச ஆள் இல்லை! வெள்ளை மாளிகைக்குத் திரைச்சீலை வாங்கினார், நாடே பேசியது. செலவு கூடிப்போனது, நான் மறைக்கவில்லை. அதற்காக ஒரு வாழ்க்கையையே கணக்குச் சீட்டாக்கிவிடுவதா?

எலிசபெத் கெக்லி என்று மேரிக்கு ஒரு தையல்காரர். அடிமையாகப் பிறந்து, 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் விடுவித்துக்கொண்டவர். அந்த மகனைப் போரில் இழந்தார். 1862 பிப்ரவரியில் மேரியின் பிள்ளை வில்லி காய்ச்சலில் போனான். கெக்லி, தப்பிவந்த அடிமைகளுக்காகச் சங்கம் தொடங்கியபோது, 200 டாலர் வாங்கிக்கொடுத்தவர் மேரி. அடிமைகளை வைத்திருந்த வீட்டில் வளர்ந்த பெண், தாய்மார்களே!

நான்கு பிள்ளைகளில் மூன்று பேரைப் பறிகொடுத்தார். 1865இல், நாடகக் கொட்டகையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனைச் சுட்டார்கள். அடுத்த வருடமே, லிங்கனின் கூட்டாளி வக்கீல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சொற்பொழிவு செய்தார். லிங்கன் மேரியைக் காதலிக்கவே இல்லையாம்! விதவை உயிரோடு இருக்கும்போதே! அவருக்கு இங்கேயும் வாரிசுகள் உண்டு. பெயர் வேண்டாம், நீங்கள் சிரிப்பதிலேயே தெரிகிறது. கணவரை உயர்த்த மனைவியைக் குழியில் தள்ளுகிற பேச்சாளர்களே, "பாவம் லிங்கன்" என்று இன்னும் எத்தனை மேடையில் கைதட்டல் வாங்குவீர்கள்?

இப்போது அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். 1875 மே, சிகாகோ. வழக்குப் போட்டவர் மூத்த மகன் ராபர்ட். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். பதினாறோ பதினேழோ சாட்சிகள் வந்தார்கள். அந்த அம்மாவின் பக்கம் ஒருவர்கூட இல்லை! ஜூரியாகப் பன்னிரண்டு ஆண்கள் கலந்து பேசினார்கள். எவ்வளவு நேரம்? பத்தே நிமிடம்! கடையில் புடவை எடுக்கக்கூடப் போதாத நேரத்தில் ஒரு தாயைப் பைத்தியம் என்று பட்டாவியா காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்காக எழுந்தவர் யார் தெரியுமா? வக்கீல் தேர்வில் தேறியும், பெண் என்பதால் உரிமம் மறுக்கப்பட்டவர். உச்ச நீதிமன்றமும் 1873இல் கைவிரித்தது. நீதிமன்றத்துக்குள் விடவில்லையென்றால் என்ன, பத்திரிகையில் பேசலாமே! பேசினார், எழுதினார், கணவரையும் கூட்டிக்கொண்டு போராடினார். நான்கு மாதத்துக்குள் மேரி வெளியே வந்து அக்காள் வீட்டுக்குப் போனார். மறு வருடம் இன்னொரு ஜூரி, இவர் தெளிவாகத்தான் இருக்கிறார் என்றது. அந்தப் பெண்ணின் பெயர் மைரா பிராட்வெல்! எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்!

அதற்குப் பிறகு மேரி அந்த நாட்டில் இருக்கவில்லை. பிரான்சில் போ என்ற ஊரில் தனியாக வாழ்ந்தார். உடல் தளர்ந்து திரும்பி வந்து, 1882இல் அதே அக்காள் வீட்டில் கண் மூடினார்.

அடுத்த பிப்ரவரியில் லிங்கன் பிறந்தநாள் கூட்டம் போடும் நண்பர்களே, அழைப்பிதழில் மேரியின் பெயரையும் போடுங்கள். ஒரு பேச்சாளருக்கு அவர் கதையை ஒதுக்குங்கள்.