ஆறிப்போன காபியும் அரை மணி நேரமும்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சர்க்கரைப் பொங்கல் மயக்கத்தில் இருப்பீர்கள், சுருக்கமாகவே பேசிவிடுகிறேன்.

குழந்தை பிறந்தால் செலவு கூடும், தூக்கம் கெடும் என்று எல்லோரும் சொல்வார்கள். சின்னச் சின்ன சுகங்கள் காணாமல் போவதை யாரும் சொல்வதில்லை. நுரை பொங்க ஆற்றிய காபியைச் சூடாகக் குடிப்பது, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிப்பது, எண்ணெய் தேய்த்து நிதானமாகக் குளிப்பது, சாம்பார் ரசம் மோர் என்று வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொள்வதுகூட ஒரு சுகம்தான். வெளியிலிருந்து ஒரு பிஞ்சுக் கை தட்டும்போதுதான் அது புரியும்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குமே, பிறகென்ன கஷ்டம் என்று கேட்கலாம். அது துண்டு துண்டான தூக்கம். தாய்ப்பால் மட்டும் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. தாய்க்கு நேரம் கிடைக்கிறது, ஆனால் உதிரியாகக் கிடைக்கிறது. மடியில் குழந்தை இருந்தால் சூடான காபி டம்ளரைக் கையில் எடுக்கவே கூடாது. பிஞ்சுத் தோல் சட்டென்று வெந்துவிடும். ஆகவே அந்தக் காபி ஆறித்தான் போகும்.

இந்த இழப்பு இருவருக்கும் ஒரே அளவில் இல்லை. சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு வேலைக்குப் போகும் தாய்க்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள். அப்பா ஆபீஸ் கேண்டீனிலாவது சூடாக ஒரு காபி குடித்துவிடுகிறார். வீட்டில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

காபிக்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்காதீர்கள். தனக்கென்று ஒன்றுமே இல்லாமல் நாட்கள் போனால் மனம் சோர்ந்துவிடும். பிரசவத்துக்குப் பின் வரும் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள்.

அடுக்குமாடியில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்? "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்றால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "நாளைக்குச் சாயங்காலம் 5 மணிக்கு வர்றேன், குழந்தையை அரை மணி நேரம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் காலிங் பெல் அடிக்காமல் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். சுவரில் டிரில் போடுவதாக இருந்தால் முதல் நாளே பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்பாக்களுக்கு ஒன்று. தினமும் அரை மணி நேரம் குழந்தையைக் கீழே பார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போன பிறகு "டயப்பர் எங்கே இருக்கு?" என்று போன் மட்டும் செய்யாதீர்கள்.

அம்மாக்களுக்கும் ஒன்று. அந்த அரை மணி நேரத்தில் பாத்திரம் தேய்க்காதீர்கள், துணி மடிக்காதீர்கள். உட்கார்ந்து, காபியைச் சூடாகக் குடியுங்கள்.